ஒன்றரை டிகிரி

அந்த வருஷங்களின் அலுப்பை இப்போது நினைத்தாலும் முழங்காலுக்குக் கீழே கனம் இறங்குகிறது. புதுக்கோட்டை அப்போது தனி ஜில்லா இல்லை, திருச்சியோடு சேர்ந்திருந்தது. ஊருக்கு வெளியே ஒரு செம்மண் பொட்டலில் சர்க்கார் கோழிப் பண்ணை இருந்தது. அங்கே முட்டை பொரிக்கும் அறைக்கு நான்தான் பொறுப்பு. அறுபதுகளின் தொடக்கம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மூன்று மாதம் பயிற்சியும் முடித்து அந்த வேலைக்கு வந்திருந்தேன். வீடு திருக்கோகர்ணத்தில். என் வீட்டுக்காரர் அறந்தாங்கி பஸ்ஸில் கண்டக்டர். எங்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நான் சொல்லப்போவது தொடங்கியபோது இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம்.

பண்ணையில் முட்டை பொரிக்க இருந்தது ஒரு பழைய மண்ணெண்ணெய்ப் பெட்டி. மர அலமாரி மாதிரி இருக்கும். உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள், பக்கவாட்டில் விளக்கு. விளக்கின் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே போகும். சூடு ஏறினால் திரியைத் தாழ்த்தி மேல் துளையைத் திறக்க வேண்டும். இறங்கினால் திரியை ஏற்றித் துளையை மூட வேண்டும். இருபத்தோரு நாளும் இதே வேலை. பகலில் நான்கு முறை பெட்டிக்குள் இருக்கும் தர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். மூன்று முறை ஒவ்வொரு முட்டையையும் கையால் திருப்பி வைப்பேன். திருப்பியது தெரிவதற்காக ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டிருக்கும். மாலை நான் போனபின் காவல்காரர் பார்த்துக்கொள்வார். முட்டைக்கு ஞாயிறும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. அதனால் எனக்கும் தெரியாது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. தர்மாமீட்டரை அப்படியே நம்பக்கூடாது. முட்டை வைப்பதற்கு முந்தைய நாள் ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, பெட்டியின் தர்மாமீட்டர்களையும் காய்ச்சல் பார்க்கும் தர்மாமீட்டரையும் அதில் ஒன்றாக நிறுத்த வேண்டும். காய்ச்சல் தர்மாமீட்டர் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்குக் கொடுத்தது. அதுதான் எங்களுக்கு நிஜம். அதைவிட அரை டிகிரி கூடக் காட்டும் தர்மாமீட்டரில் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டி 'அரை கூட' என்று எழுதிவிடுவேன். தண்ணீர் ஆறிக்கொண்டே இருக்கும், கை அசங்காமல் கலக்கிக்கொண்டே பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் குனிந்தபடி நின்றால் இடுப்பு விட்டுப்போகும்.

வீட்டுக்கு வந்தால் தலைமுடியில் மண்ணெண்ணெய் வாடை. "பஸ்ஸுல டீசல் வாட, வீட்ல சீமெண்ண வாட. எனக்கு எங்கிட்டுப் போனாலும் விடிவு இல்ல" என்பார் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குச் சிரிக்கத் தெம்பு இருக்காது.

அந்த ஐப்பசிக்கு முன் லாரியில் புதுப் பெட்டி வந்து இறங்கியது. மின்சாரப் பெட்டி. வெள்ளைப் பெயின்ட், கண்ணாடி ஜன்னல், உள்ளே ஒரு காற்றாடி. மெட்ராஸிலிருந்து கூடவே வந்த மெக்கானிக் இரண்டு நாள் தங்கி அதைப் பொருத்திக் கொடுத்தார். நடுவில் ஒரு பாதரசக் குழாய் இருந்தது. பாதரசம் முட்டைக்கு வேண்டிய நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறினால் உள்ளே ஒரு கம்பியைத் தொடும், உடனே சூடு தானாக நின்றுவிடும். இறங்கினால் தானாக மறுபடி வரும். சூடு எவ்வளவு என்று நாங்கள் பார்ப்பதும் அதே குழாயில்தான். குழாயின் தலைப்பக்கம் ஒரு மூடி, மூடியில் ஈய முத்திரை.

"இத நீங்க தொடவே வேண்டாம்மா. கம்பெனியில டெஸ்ட் பண்ணி சீல் வெச்சிருக்கு" என்றார் மெக்கானிக்.

"தண்ணியில வச்சுப் பாக்க வேணாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அதுவே சரி பண்ணிக்கும். முட்டைய வெக்கிறது மட்டும்தான் உங்க வேல. திருப்பறதுக்குக்கூட இந்தக் கைப்பிடிய இழுத்தாப் போதும், தட்டு மொத்தமா சாயும்."

நான் கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். அவர் காட்டுவதற்காக அடுக்கியிருந்த நூறு முட்டையும் ஒரே அசைவில் சாய்ந்தன. அழுகை வந்துவிடும் போல இருந்தது. மெக்கானிக் என்ன நினைத்தாரோ, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு "உக்காருங்கம்மா" என்றார்.

பண்ணை அதிகாரி ஒரு கால்நடை டாக்டர். நாற்பது வயது இருக்கும். சைக்கிளில் வருவார். ஊர் ஊராக மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு வந்து பண்ணைக் காகிதத்தையும் பார்க்க வேண்டும் அவருக்கு. அவரும் ஓய்ந்த மனிதர்தான். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ரெண்டு பெட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரெண்டு ஈடு பொரிச்சுப் பாக்கச் சொல்லியிருக்காங்க. எது தேவலைனு நாம எழுதணும். ஒண்ணு இங்க இருக்கும், இன்னொண்ணு வேற பண்ணைக்குப் போயிரும். எழுதுறது நான்தான். ஆனா சொல்ல வேண்டியது நீங்க."

எனக்கு அப்போதே பதில் தெரியும். புதுப் பெட்டிதான் இங்கே இருக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளையோடு இன்னொரு வருஷம் திரி தூண்டிக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

முதல் ஈடு நன்றாகவே வந்தது. இரண்டு பெட்டியிலும் குஞ்சுகள் சரியாக இருபத்தோராம் நாள் ஓட்டை உடைத்தன. மின்சாரப் பெட்டியில் கொஞ்சம் கூடுதலாகவே பொரிந்தன. டாக்டர் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அப்ப இதுதான்னு எழுதிரலாமா?" என்றார். "எழுதிருங்க சார்" என்றேன். "இன்னொரு ஈடு ஆகட்டும்" என்று போய்விட்டார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பொரிப்பு அறையின் கூரை சரியாக மின்சாரப் பெட்டிக்கு மேலேயே ஒழுகியது. பெட்டியைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். நான்கு ஆட்கள் தூக்கினார்கள். வாசற்படியில் ஒருவருக்குக் கை நழுவி, பெட்டியின் ஒரு மூலை தரையில் இடித்தது. பெரிய இடி இல்லை. கண்ணாடி உடையவில்லை. சுவிட்சைப் போட்டதும் காற்றாடி சுற்றியது. பாதரசம் ஏறி நூறில் நின்றது. இரண்டாவது ஈட்டுக்கு முட்டைகளை அடுக்கினேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பழைய பெட்டியின் தர்மாமீட்டர் ஒன்றில் சந்தேகம் வந்து, காய்ச்சல் தர்மாமீட்டரை வைத்துப் பார்த்துத் திரியைத் திருத்திவிட்டுத் திரும்பினேன். அது கையில் இருந்தது. ஏன் செய்தேன் என்று தெரியாது, பழக்கம்தான், மின்சாரப் பெட்டியைத் திறந்து அதைத் தட்டின் மேல் வைத்து மூடினேன். ஐந்து நிமிஷம் கழித்து எடுத்தால் நூற்றொன்றரை. குழாயோ நூறு என்றது. உதறிவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் நூற்றொன்றரை.

ஒன்றரை டிகிரி என்பது வெளியே நமக்குத் தெரியக்கூட தெரியாது. முட்டைக்குள் இருப்பதற்கு அது பெரிய விஷயம். அதைப் பயிற்சியில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் தர்மாமீட்டர் பழசு, அதுதான் தப்பாகக் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பழசுதான். ஆனால் அன்று காலையில்தான் அதை வைத்துப் பழைய பெட்டியைத் திருத்தியிருந்தேன். அங்கே நிஜமாக இருந்தது இங்கே வந்ததும் பொய்யாகிவிடுமா? இந்தக் கேள்வி வந்தது. கூடவே வேறு யோசனையும் வந்தது. டாக்டரிடம் சொன்னால் மெக்கானிக்குக்குக் கடிதம் போகும். மெக்கானிக் வர ஒரு மாதமாகும். வந்தவர் பெட்டியையே திருப்பி எடுத்துக்கொண்டு போனாலும் போவார். மண்ணெண்ணெய்ப் பெட்டி இங்கேயே தங்கிவிடும்.

நோட்டில் 'நூறு' என்று எழுதினேன். குழாய் நூறு காட்டியது, அதை எழுதினேன், அதில் பொய் எதுவும் இல்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். அதற்குப் பிறகு காய்ச்சல் தர்மாமீட்டரை அந்த அறைக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு நாளும் 'நூறு' என்றே எழுதினேன். சூட்டை நிறுத்துவதும் அந்தக் குழாய், சூடு சரி என்று சொல்வதும் அதே குழாய். அது எப்படி நூறைத் தவிர வேறு எதையும் காட்டும்? இது எனக்கு அப்போதே புரிந்துதான் இருந்தது.

இருபதாம் நாள் காலையில் போனபோது மின்சாரப் பெட்டியில் குஞ்சுகள் வந்துவிட்டிருந்தன. ஒரு நாள் முன்பாகவே. சின்னதாக இருந்தன. சிலவற்றுக்குக் கால் பக்கவாட்டில் விலகியிருந்தது, விரல்கள் மடங்கியிருந்தன. அடிவயிற்றைத் திருப்பிப் பார்த்தால் தொப்புள் மூடாமல் ஈரமாக இருந்தது. ரொம்ப மோசமானவற்றைத் தனியே எடுத்துவிட்டேன். மீதியை அட்டைப் பெட்டிகளில் வைத்தேன்.

அந்தக் குஞ்சுகளுக்கு ஏற்கெனவே ஆள் சொல்லியிருந்தது. திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மாதர் சங்கத்துப் பெண்கள் வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு. மறுநாள் காலையிலேயே வந்து, கூடைகளோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் பதினொரு மணிக்குத்தான் வந்தார்.

"சார், குஞ்சு கொஞ்சம் சோர்வா இருக்கு" என்றேன்.

"மழைக் குளிர்தான். வீட்ல வச்சுச் சூடு காட்டுனா தேறிரும். அவுங்க பஸ்ஸு போயிரும், குடுத்து அனுப்புங்க."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. எண்ணிக் கொடுத்தேன். அரிக்கன் விளக்கைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டுவது எப்படி, கேழ்வரகுக் குருணை எவ்வளவு, தண்ணீர் எப்படி வைப்பது என்று எல்லாம் சொன்னேன். நிறைய சொன்னேன். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்களில் ஒருத்தி திரும்பி வந்தாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் கூடை. கூடைக்குள் பழைய துணியின் மேல் இரண்டு குஞ்சுகள். இரண்டும் நிற்க முடியாமல் வயிற்றில் ஊர்ந்தன. டாக்டர் அன்று பண்ணையில் இருந்தார். நான் சூட்டு நோட்டில் அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

"மத்ததெல்லாம் போயிருச்சுங்க" என்றாள். "எங்க ஊருல நாலு வீட்டுக்காரங்க வாங்குனோம். நாலு வீட்லயும் போயிருச்சு. இது ரெண்டுதான் மிச்சம். நீங்க வச்சுப் பாத்தாலாவது பொழைக்குமானு கொண்டாந்தேன்."

டாக்டர் ஒரு குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். "வெளக்கு வச்சியாம்மா?"

"வச்சேங்க."

"ராத்திரி அணைஞ்சு போச்சா?"

அவள் யோசித்தாள். "ஒரு நா அசந்துட்டேங்க. எந்திரிச்சுப் பாத்தா வெளக்கு மங்கிக் கெடந்துச்சு. எம்புட்டு நேரம் மங்கிக் கெடந்துச்சுனு தெரியல."

"அதான். குஞ்சுக்குக் குளிரு ஆகாது."

"நாந்தான் சரியாப் பாக்கல போலிருக்குங்க" என்றாள் அவள். முகத்தில் கோபம் இல்லை. "மத்தவுகளுக்கும் நாந்தான் வெளக்கு எப்பிடி வைக்கிறதுனு சொல்லிக் குடுத்தேன். நான் சொன்னது தப்பாயிருச்சு போல."

டாக்டர் ஏதோ எழுதக் குனிந்தார். என் பேனா மேஜையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் வெளியே போயிருக்கலாம். கால் வலித்தது. வயிற்றில் பிள்ளை புரண்டது.

"இல்ல சார்" என்றேன். "தப்பு அவுங்க மேல இல்ல. பெட்டி சூடு கூட இருந்துச்சு. ஒன்றரை டிகிரி."

அவர் நிமிர்ந்தார். "எப்பத் தெரிஞ்சது?"

"முட்டை வச்ச மூணாம் நாளோ நாலாம் நாளோ."

"நோட்ல நூறுனுதான இருக்கு?"

"கொழாய் நூறு காட்டுச்சு. அதையே எழுதிட்டேன். காய்ச்சல் தர்மாமீட்டர் வச்சுப் பாத்தப்ப கூடக் காட்டுச்சு. அத எழுதல. ஒங்ககிட்டயும் சொல்லல."

"ஏன்?"

"அலுப்பா இருந்துச்சு சார்" என்றேன்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டிகிரி, குழாய் எதுவும் அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் தன் மேல் தப்பில்லை என்பது மட்டும் புரிந்துவிட்டது. "அப்ப வெளக்கு மங்குனதுனால இல்லையாங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"இல்லம்மா. நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஊருல போயி இத நான் சொல்லலாமுங்களா?"

"சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அவள் போனபின் அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை போல இருந்தது. அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போய், மின்சாரப் பெட்டியின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நானும் ஒரு தடவ பாத்திருக்கணும். தொட வேணாம்னு அந்தாளு சொன்னவொடனே எனக்கும் ஒரு வேல கொறைஞ்சுச்சுன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "எழுத்துல குடுங்க" என்றார். நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை யாருக்கு அனுப்பினார், அனுப்பினாரா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது.

மறுநாள் அவரே ஈய முத்திரையை இடுக்கியால் வெட்டினார். மூடியைக் கழற்றிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தோம். பாதரசக் கோட்டின் நுனியில் ஒரு சின்னத் துண்டு தனியாகப் பிரிந்து, மூடி மறைத்திருந்த இடத்தில் மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. வாசற்படியில் இடித்தபோது பிரிந்திருக்க வேண்டும். மேலே நின்றுவிட்ட அந்தத் துண்டின் அளவுக்குக் கீழே கோடு குட்டை. குட்டைக் கோடு நூறை எட்டும்வரை பெட்டி சூட்டை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

கீழ ராஜ வீதியில் சர்பத் கடையிலிருந்து ஐஸ் வாங்கி உமியில் புதைத்துக் கொண்டுவரச் சொன்னார். ஐஸில் உப்புப் போட்டுக் குழாயின் அடிக்குமிழை அதில் வைத்தோம். பாதரசம் மெல்ல மெல்ல இறங்கியது. பிரிந்த துண்டும் கூடவே இறங்கி ஒட்டிக்கொண்டது. பிறகு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, காய்ச்சல் தர்மாமீட்டரையும் குழாயையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்தோம். டாக்டர் கலக்கினார், நான் வாசித்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம்தான் மிச்சம். அதையும் ஒரு பிளாஸ்திரித் துண்டில் எழுதி ஒட்டினேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "இத ஒவ்வொரு தடவையும் நீங்க தனியாவா செய்றீங்க?" என்று கேட்டார்.

அதன் பிறகு எதை எழுதி அனுப்புவது என்று பேசினோம். எனக்கு வாய் திறக்கவே கூச்சமாக இருந்தது. பழைய பெட்டியே இருக்கட்டும், எனக்கு அதுதான் தகுதி என்று மட்டும் முணுமுணுத்தேன். அவர் விடவில்லை. "தண்டனை மாதிரி பேசாதீங்க. வேலைக்கு எது நல்லது, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பழைய பெட்டியில் பகல் முழுக்க மனுஷர் நிற்க வேண்டும், அலுத்துப்போன கை திரியைத் தப்பாகத்தான் தூண்டும். நானே எத்தனையோ முறை பார்க்காமலே பார்த்ததாக எழுதியிருக்கிறேன். புதுப் பெட்டி அலுக்காது. ஆனால் தப்பாகிவிட்டால் தப்பிலேயே அலுக்காமல் நிற்கும். அதனால் புதுப் பெட்டி இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு ஈட்டுக்கு முன்னும் தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும், ஈடு நடக்கும்போது தினம் ஒரு தடவை காய்ச்சல் தர்மாமீட்டரை உள்ளே வைத்து அதையும் நோட்டில் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும், முத்திரை வேண்டாம். அவர் அதை அப்படியே இங்கிலீஷில் எழுதி அனுப்பினார். மண்ணெண்ணெய்ப் பெட்டி மாட்டு வண்டியில் ஏறி ரயிலடிக்குப் போனது. அது போவதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

அடுத்த ஈடு சரியாக வந்தது. டாக்டர் அந்தக் கிராமத்துக்குச் சொல்லி அனுப்பினார். நான்கு வீட்டுக்கும் குஞ்சு கொடுக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தோம், இரண்டு வீட்டிலிருந்துதான் வந்தார்கள். மூன்றாவது வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். அவர்களை யார் குறை சொல்ல முடியும்? கூடையோடு வந்த அந்தப் பெண்ணும் வரவில்லை. அவள் வேண்டாம் என்றாளா, வர முடியாமல் போனதா என்று வந்தவர்களிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

தை கடைசியில் எனக்குப் பையன் பிறந்தான். லீவு முடிந்து போனபோது புது அதிகாரி வந்திருந்தார். முத்திரை இல்லாத மூடியைக் காட்டி, "இத யாரு ஒடச்சது?" என்றார். நடந்ததைச் சொன்னேன், என் தப்பையும் சேர்த்தே சொன்னேன். அவர் சின்ன வயசுக்காரர். முகம் சுளித்தார். பிறகு நோட்டைப் புரட்டி அந்தத் தனிக் கட்டத்தைப் பார்த்தார். நான் இல்லாத மூன்று மாதமும் காவல்காரர் அதில் எழுதியிருந்தார், எண்கள் கோணல்மாணலாக இருந்தன. "சரி, நடக்கட்டும்" என்று நோட்டை மூடினார்.

அந்தப் பண்ணையில் இன்னும் ஏழு வருஷம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலை குறைந்தது, நிற்கவில்லை. காலையில் ஒருமுறை போய்த் தர்மாமீட்டரை வைத்து எடுத்துவிட்டு வருவேன். சில ஞாயிறுகளில் மடியில் பையனோடு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். திருக்கோகர்ணம் ஸ்டாப்பில் என்னை எழுப்பி இறக்கிவிட, அந்தக் கண்டக்டர்களுக்கும் பழகிப்போனது.